துப்பாக்கிக் கொடி போட்ட ஜாக்கெட்

தங்கச்சி கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது தேர்தல் தேதியை அறிவித்தார்கள். மறுநாளே அப்பா தன் ரெட்டைக்குழல் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். எனக்குத்தான் உயிர் போனது.

காரணம், கல்யாண ஜாக்கெட். காளவாசலில் ஆரி எம்பிராய்டரி கடை வைத்திருக்கிறேன். அப்பாவின் துப்பாக்கியில், விசைக்கு மேலே இருபக்கமும் உள்ள இரும்புத் தகட்டில் பூங்கொடி செதுக்கியிருக்கும். அது ஆர்ட் நூவோ என்று ஓவியக் கல்லூரியில் படித்தபோதுதான் தெரிந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஓவியர்களுக்குக் கொடிப் பைத்தியம் பிடித்து, ஜன்னல், விளக்கு, நாற்காலி என்று படரவிட்டு, கடைசியில் துப்பாக்கியையும் விட்டுவைக்கவில்லை. அப்பாவுக்கு அது காட்டுப்பன்றி விரட்டும் சாமான், அவ்வளவுதான். நான் படம் வரையப் படித்ததிலும் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது.

தங்கச்சிக்கு ஜாக்கெட்டின் இரண்டு கையிலும் அந்தக் கொடியே வேண்டும். வலது கை முடிந்திருந்தது. இடது பக்கத் தகட்டைப் பிரதி எடுப்பதற்குள் துப்பாக்கி போய்விட்டது. போனில் எடுத்த படத்தில் இரும்பு பளபளத்ததுதான் மிச்சம். வீட்டில் வலதையே திருப்பிப் போடச் சொன்னார்கள். கையால் செதுக்கியது இருபக்கமும் ஒன்றாக இருக்காது என்று பிடிவாதம் பிடித்தேன். எவ்வளவு திட்டு வாங்கியும் இந்தக் குணம் மட்டும் போகவில்லை.

அப்பாவை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். கூச்சத்தில் அவர் துப்பாக்கிக்கு எண்ணெய் போட வந்ததாகச் சொல்லிவைத்தார். அங்கிருந்த பெண் ஏட்டு என் கையிலிருந்த பட்டர் பேப்பரையும் பென்சிலையும் பார்த்தார். உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, இன்ஸ்பெக்டரிடம் கேட்டு, துப்பாக்கியை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார்.

பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்க்கத் தேய்க்கக் கொடி தெரிந்தது. வலதில் எல்லாம் மலர்ந்த பூ. இடதில் ஓரமாக ஒரு மொட்டு இருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்தில் வேறு யாருடையதோ ஒரு துப்பாக்கி. அதன் தகட்டில் பழைய சினிமா தியேட்டர் முகப்பு மாதிரி நேர்க்கோடும் சூரியக் கதிருமாக இருந்தது. கொடி அலுத்துப்போன பிறகு வந்த ஆர்ட் டெக்கோ. ஏட்டு அதைக் காட்டி, "எனக்கு இதப் போட்டுக் குடும்மா. கொடியெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்றார்.

முகூர்த்தத்தன்று மணமேடையில் அப்பா குனிந்து, தங்கச்சியின் இடது கை மொட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"நாப்பது வருசமாத் தொடைக்கிறேன், என் கண்ணுல படலயே" என்றார்.

பிறகு சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "பெரியவ கண்டுபிடிச்சா" என்று காட்ட ஆரம்பித்தார். தாலி கட்ட நேரமாகிவிட்டது, அவரை நகர்த்து என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மனசே வரவில்லை.