இரண்டு கையும் காயத்தில்

குண்டூசி என்று அவளுக்குப் பெயர் வைத்தவனே நான்தான். ஆள் ஒல்லி, வாய் குத்தும். நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். அவள் வண்டியின் பின்பக்கம் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பாராமெடிக். வேலை முடிந்ததும் நேரே நர்சிங் கல்லூரிக்கு ஓடுவாள். ஆம்புலன்ஸ் வேலையில் இருக்கிறவரை படிப்புக்குக் கட்டணம் கிடையாது. வேலை போனால் அன்றோடு சலுகையும் போச்சு. இது கடைசி வருஷம். எங்களுக்கோ போகிற இடத்தில் அடி வாங்காத மாதமே இல்லை. யார் கை நீட்டினாலும், "விடுங்கண்ணே, பட்டம் வாங்கிட்டுத் திருப்பிக் குடுக்கிறேன்" என்பாள்.

அன்று பட்டப்பகலில் ஒரு மெக்கானிக் பட்டறை. அண்ணன் தம்பிக்குள் சண்டை. குடித்திருந்த அண்ணன்காரன் தம்பியின் தொடையில் கத்தியை இறக்கிவிட்டான். ரத்தம் பீய்ச்சி அடித்தது. குண்டூசி காயத்துக்குள் துணியைத் திணித்து இரண்டு கையாலும் அழுத்தினாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அந்தக் கையை எடுக்கக் கூடாது. நானும் பட்டறை ஆட்களும் ஸ்ட்ரெச்சரோடு அவளையும் சேர்த்தே வண்டியில் ஏற்றினோம்.

நான் முன்பக்கம் போவதற்குள் அந்தக் குடிகார நாய் ஸ்பேனரோடு பின்கதவு வழியாக ஏறிவிட்டான்.

"சாகட்டும் அவன்! கையை எடுடி!"

முதல் அடி தோளில். அடுத்தது வாயில், பல் தெறித்து விழுந்தது. தடுக்க அவளுக்குக் கை ஏது? அலறிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். மறுபடி ஓங்கினான். குண்டூசி காலைத் தூக்கி அவன் நெஞ்சில் விட்டாள் ஓர் உதை. வண்டியிலிருந்து கீழே மல்லாந்து விழுந்தவனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அவனுக்கு வேறு வண்டி சொல்லிவிட்டு, கதவைச் சாத்திப் பறந்தேன்.

தம்பி பிழைத்தான். பிறகு அண்ணன்காரனை உதைத்தது யார் என்று எங்கள் ஆபீசில் விசாரணை வைத்தார்கள்.

"உதைச்சது நான் சார்" என்று முந்திக்கொண்டேன். எனக்கென்ன, பரீட்சையா எழுத வேண்டும்? அவள் வாயைத் திறக்கப் போனாள், காலை மிதித்தேன்.

சாட்சிக்கு வந்தவன் யார் தெரியுமா? அதே தம்பிதான்.

"இவரு இல்ல சார், அந்தப் பொண்ணு. எங்கண்ணன் இனிமே நிமிர்ந்து நடக்க முடியாதாம். நாங்க இன்னைக்கு அடிச்சுக்குவோம், நாளைக்குச் சேர்ந்துக்குவோம். நடுவுல இவ யாரு?"

அவன் குரல்வளையை நெரிக்க வேண்டும்போல இருந்தது எனக்கு. பேசிக்கொண்டே போனான். குண்டூசியை வேலையிலிருந்து நீக்கினார்கள். கல்லூரிச் சலுகையும் ரத்தானது.

வெளியே வந்து சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதாள். அப்புறம் பல் போன வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"பாவிப்பய, அவ்வளவு ரத்தம் போயும் மூச்சு வாங்காம எவ்வளவு நேரம் பேசினான், கவனிச்சீங்களாண்ணே?"