திறக்கச் சொல்லாத பை

நானும் என் நண்பனும் ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள். ஒரே கம்பெனியில் ஒன்பது வருஷம், போவதும் வருவதும் என் பைக்கில். அவன் பழைய ஊருக்குள் பள்ளிவாசல் தெருக்காரன். நான் மேற்கே விவசாயக் குடும்பம். இருவருக்கும் கம்பெனி கொடுத்தது ஒரே மாதிரி நீலப் பை. உள்ளே ஸ்பேனர், செம்புக் குழாய் வெட்டும் கட்டர், பற்றவைக்கிற சின்ன டார்ச்.

ஒருநாள் காலை மேலூர் பக்கம் ஒரு கிளினிக்கில் தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. அவசரமாகக் கிளம்பினோம். ஒத்தக்கடைக்கு முன்னால் தடுப்பு போட்டு வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த எஸ்.ஐ. கை காட்டினார்.

"எந்த ஊரு தம்பி?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன்.

"அட, நம்ம பக்கந்தானா." லைசென்ஸைக்கூடக் கேட்கவில்லை. பின்னால் இருந்தவனைப் பார்த்து, "உன் பேரென்ன?" என்றார். சொன்னான்.

"எறங்கு. பையத் தொற."

கட்டரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னத்த வெட்ட?"

"செம்புக் குழாய் சார். ஏசி வேலைக்கு."

"யாரு வீட்டுக் குழாய?"

பக்கத்தில் நின்ற ஏட்டு சிரித்தார். எஸ்.ஐ. அவன் செல்போனைத் திறக்கச் சொல்லி வாங்கி, அவன் அக்கா மகள் கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை எந்தப் பள்ளிவாசலுக்குப் போவாய், உன்னோடு யார் யார் வருவார்கள் என்று கேட்டார்.

அதே மாதிரிக் கட்டர் என் தோளில் தொங்கிய பையிலும் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நீங்க போங்க தம்பி. இவன விசாரிச்சிட்டு அனுப்புறோம்."

போய்விட்டேன். மருந்தெல்லாம் கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். எனக்கு வசதியான உண்மை.

மத்தியானம் அவன் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது வேலை முடிந்திருந்தது. "என்ன கேட்டாங்க மாப்ள?" என்றேன். "ஒனக்கென்ன?" என்று சொல்லிவிட்டு சாமான்களை எடுத்து வைத்தான்.

அடுத்த வாரம் அதே இடம், அதே எஸ்.ஐ. அவனை மட்டும் இறங்கச் சொன்னார். நானும் இறங்கினேன். என் பையை ரோட்டில் வைத்து ஜிப்பைத் திறந்தேன்.

"இதையும் பாருங்க சார். ரெண்டுலயும் ஒரே சாமான்தான். இவன மட்டும் எதுக்கு நிப்பாட்டுறீங்க?"

"சட்டம் பேசுறீங்களா? யார் மேல சந்தேகம்னு எனக்குத் தெரியும். சந்தேகம் வந்தா பாப்பேன்."

"என் மேல வரலியா?"

என் பையை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவனைத் தடுப்போரம் வெயிலில் நிறுத்தினார். செருப்பைக் கழற்றச் சொன்னார். முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். "ஒன் கூட்டாளி ரொம்பப் பேசுறாருடா" என்றார். கோபத்திலும் எனக்கு 'ரு' போட்டார். அவனுக்கு 'டா'. கல்லூரி பஸ்கள் நின்று நின்று போயின, ஜன்னல்களில் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். நான் விரித்து வைத்த பை அப்படியே கிடந்தது.

ஒரு மணி நேரம் கழித்து விட்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"நீ பேசுனதுக்கு என் மூஞ்சியப் படம் புடிச்சிட்டாங்க. அது எங்கெங்க போகும்னு தெரியுமா ஒனக்கு?"

"ஒனக்காகத்தானடா பேசுனேன்."

"எனக்காக இல்ல. அன்னைக்கு விட்டுட்டுப் போனது ஒன்ன அறுத்துச்சு. அதுக்குப் பேசுன."

அவன் சொன்னது சரி என்பதால் அவன் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

அத்தோடு விட்டேனா என்றால், இல்லை. போலீஸ் மேலதிகாரிக்கு மனு எழுதினேன். அவன் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். நான் மட்டும் போட்டு, நடந்ததை விவரமாக எழுதி, அவன் பேரையும் சேர்த்து அனுப்பினேன். வழக்கமான வாகனத் தணிக்கைதான், பாகுபாடு எதுவும் காட்டப்படவில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதற்கு முன்பே சாதா உடையில் போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார். என் வீட்டுக்கு அல்ல, அவன் தெருவுக்கு. ஆள் எப்படி, யாரோடு பழக்கம் என்று கடைக்காரர்களிடம் கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் மறுநாளே வேறு வீடு பார்க்கச் சொல்லிவிட்டார்.

அவன் மேனேஜரிடம் கேட்டு, ஊருக்குள்ளேயே வேலை வாங்கிக்கொண்டான். மேலூர் ரோட்டு வேலைகளுக்கு நான் தனியாகப் போகிறேன். என்னை யாரும் நிறுத்துவதில்லை. கம்பெனியில் பார்த்தால் பேசுகிறான், எந்தக் கடை ஏசிக்கு என்ன கேஸ் நிரப்பினோம், எந்த மோட்டார் போயிற்று என்று. வேறு எதுவும் பேசுவதில்லை.