சட்டையோடு படகேறியவன்

பழவேற்காடு ஏரியில் யாரும் சட்டை போட்டுக்கொண்டு வலை இழுப்பதில்லை. எழுபதுகளில் ஒரு வருடம் நான் இழுத்தேன்.

அதற்கு முந்தைய வருடம் முகத்துவாரத்தில் எங்கள் படகு கவிழ்ந்தது. நானும் என் மனைவியின் அண்ணனான மச்சானும் நீந்திக் கரையேறினோம். அதன்பின் தண்ணீரைக் கண்டாலே எனக்குக் கை நடுங்கும். பொன்னேரி டாக்டர் படபடப்புக்கு மாத்திரை கொடுத்தார். நடுக்கம் நின்றது, மறுபடி படகேறினேன். சில மாதத்தில் மார்பு இரண்டும் வீங்கி, தொட்டாலே வலித்தது.

ஒருநாள் கரையில் எல்லோர் முன்னாலும் மச்சான் என் சட்டையைப் பிடித்துக் கிழித்தான்.

"இன்னா மாப்ள, எப்போ கொயந்த பெத்த?"

ஊரே சிரித்தது. என் மனைவி மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டாள்.

டாக்டரிடம் போய்க் கத்தினேன்.

"மாத்திரையாலயும் இருக்கலாம். அடிச்சுச் சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திப் பார்ப்போம்" என்றார் சாவகாசமாக.

நிறுத்தினேன். வீக்கம் வடிந்தது, நடுக்கம் திரும்பியது. கரையில் தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அடுத்தவன் வலையைத் தைத்துக்கொண்டிருந்தேன். மச்சான் தனியாக வந்தான். பீடி பற்றவைக்கப் பார்த்தான். தீக்குச்சி அவன் விரலில் நிற்கவில்லை.

"மாப்ள, அந்த மாத்திர பேரு இன்னா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "மொதல்ல ஒரு சட்ட போட்டுக்கினு வா, சொல்றேன்."

மறுநாள் சட்டையோடு வந்து நின்றான். ஊரைக் கூட்டிச் சிரிக்கத்தான் நினைத்திருந்தேன். முடியவில்லை.

அவனை இன்றும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் மாத்திரையின் பெயரோடு, மார்பு வீங்கலாம் என்பதையும் சொல்லி அனுப்பினேன். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.