வந்த நேரம் 6.20

இதைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் சிரித்தவள்தான். பள்ளியில் கணக்கு டீச்சர். யாராவது பேய் என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். ஆனால் 2024 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை நடந்ததை என்னால் மறுக்க முடியவில்லை.

கோமுகி ஆற்றங்கரையில் நான்கு பரிசல் மன்றங்கள் இருக்கின்றன. மழைக்குத் தண்ணீர் வந்தால் பரிசல் விடுவார்கள், போட்டி வைப்பார்கள். நான்கும் சேர்ந்த கூட்டமைப்புக்கு இருபத்தைந்து வயது ஆகிவிட்டது. வெள்ளிவிழா மலரில் அதன் வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். "டீச்சர்னா தப்பில்லாம எழுதுவாங்க" என்று ஐஸ் வேறு.

அதற்காக ஆற்றங்கரைக் கொட்டகையில் பழைய பதிவேடுகளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பரிசலில் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பெயர், போன நேரம், வந்த நேரம். பரிசல் கரை சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே வந்த நேரத்தை எழுத வேண்டும் என்று 2011-இல் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். இதற்கெல்லாம் ஒரு தீர்மானமா என்று சிரித்தேன்.

அதே 2011 பதிவேட்டில் ஒரு வரி முடியாமல் இருந்தது. தெய்வசிகாமணி. போன நேரம் 5.40. வந்த நேரம் காலி.

கொட்டகைக் காவலர் வேடியப்பனிடம் கேட்டேன்.

"அவரு வர்லம்மா. பொணமும் கெடைக்கல. அந்தப் பக்கத்த மூடி வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் மூடவில்லை.

5.45-க்கு என் தம்பி பிரவீன்குமார் மலர் அட்டைக்குப் படம் எடுக்கப் பரிசலில் கிளம்பினான். அப்பா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை.

"இருட்டறதுக்குள்ள வந்துடுடா."

"வந்துடறேன்க்கா. நீ எழுதிக்கினு இரு."

அன்றைய பதிவேட்டில் அவன் பெயரை எழுதினேன். பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து கிடந்தன.

6.10. கரண்ட் போனது. செல்போன் லைட்டைப் போட்டுக்கொண்டேன். அதுவரை கத்திக்கொண்டிருந்த தவளைகள் ஒரே நேரத்தில் நின்றன.

6.20. துடுப்புச் சத்தம். சளப்... சளப்...

"வந்துட்டேன்... எழுதிக்குங்க..."

அப்பாடா என்று இருந்தது. காலியாக இருந்த இடத்தில் 6.20 என்று எழுதினேன். எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

படியில் ஈரக்கால் சத்தம். வாசலில் வந்து நின்றது.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்டா."

"அப்ப வூட்டுக்குப் போலாமா?"

"போயேன்" என்றேன். பிறகுதான் உறைத்தது. பிரவீன் எப்போது எனக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்தான்?

நிமிர்ந்தேன். வாசலில் யாரும் இல்லை.

சேற்று வாடை... கால் சத்தம் ரோட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

லைட்டை மேசைக்குத் திருப்பினேன்.

நான் எழுதியது தெய்வசிகாமணியின் வரியில்.

ஓடினேன். படியோரம் ஒரு பரிசல். மூங்கில் பின்னி, தார் பூசியது. எங்களிடம் இருப்பதெல்லாம் ஃபைபர் பரிசல்.

"பிரவீன்!"

முழங்கால் தண்ணீரில் இறங்கி மறுபடி கத்தினேன்.

ஒன்பது நாள் தேடினார்கள். அவன் பரிசல் கிடைத்தது. கேமரா அதிலேயே நனையாமல் இருந்தது. அவன் மட்டும் கிடைக்கவில்லை.

வேடியப்பன் என் முன்னால் அழுதார். "தண்ணி வந்தா தெனம் ஆறு இருவதுக்கு அந்தக் கொரலு கேக்கும்மா. நாங்க யாரும் எழுத மாட்டோம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா சிரிப்பீங்களேம்மா."

தெய்வசிகாமணியின் மனைவி சின்னப்பொண்ணுவைத் தேடிப் போனேன். என் பெயரைக்கூடக் கேட்காமல் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த வெள்ளிக்கெழம ராத்திரி வந்தாரும்மா. சோறு கேட்டாரு, போட்டேன். காலைல பாயி மட்டும் நனைஞ்சி கெடந்துச்சி."

மலர் வேலையை விட்டுவிட்டேன். பதிவேடுகளை விட முடியவில்லை. 2002-இல் ஒருவர் போய் வரவில்லை. அவர் வரியில் ஒன்பது வருடம் கழித்து யாரோ வேறு மையில் 6.20 என்று எழுதி, தேதியும் போட்டிருந்தார்கள். அது தெய்வசிகாமணி காணாமல் போன தேதி. 2002-இலிருந்து எப்போது பார்த்தாலும் ஒரே ஒரு வரிதான் காலி. ஒன்றை முடித்தால் அன்றைக்கே இன்னொன்று.

இப்போது காலியாக இருப்பது என் தம்பியின் வரி.

இந்த வருடமும் தண்ணீர் வந்துவிட்டது. பதிவேடு எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

6.20-க்குக் கூப்பிடுகிறான்.

"அக்கா... எழுதிடுக்கா... குளுருதுக்கா..."

நேற்று அந்த நேரத்தில் சந்தியா என்ற காலேஜ் பெண் ஆற்றில் இருந்தாள். நான் பேனா மூடியைத் திறந்துவிட்டேன். அவள் கரையேறும்வரை அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

எழுதவில்லை.

நேற்று எழுதவில்லை...