இரவல் நெஞ்சு

இசக்கியப்பன் செத்தபோது அவனுக்கு இருபத்தேழு வயது. கம்பெனி ஃபைலில் மட்டும் அவன் நெஞ்சு இன்றைக்கும் ஒரு புள்ளி இல்லாமல் இருக்கிறது. அது என் நெஞ்சு. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு பேருக்கும் ஊர் களக்காட்டுப் பக்கம். ஐடிஐ முடித்த கையோடு ஒரே பஸ்ஸில் வந்து ஒரகடத்தில் இறங்கினோம். வல்லம் வடகாலில், சமையல் மேடைக்குப் பதிக்கிற செயற்கைக் கல் செய்யும் கம்பெனி. எனக்கு பேக்கிங், அவனுக்குக் கட்டிங். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி எழாது. ஆனால் கல் காய நேரமாகும், லைன் நிற்கும். அதனால் டார்கெட் நாளில் சூப்பர்வைசர் ராஜசேகர் தண்ணீரை மூடிவிடுவார். எங்கள் கம்பெனியில் டார்கெட் இல்லாத நாளே கிடையாது. ஷிப்ட் முடிந்து வரும்போது இசக்கியின் புருவமெல்லாம் மைதா மாவு அப்பினது போல இருக்கும். மாவாக இருந்தால் கழுவினால் போயிருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை கட்டிங் ஆட்களுக்கு எக்ஸ்ரே எடுக்க வேன் வரும். கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். முதல் வருடம் படத்தில் புள்ளி தெரிந்த நாலு பேரை மறுநாள் கேட்டிலேயே நிறுத்தி, கான்ட்ராக்ட் முடிந்தது என்று அனுப்பினார்கள். அவர்கள் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே சொல்லவில்லை. அதிலிருந்து வேன் வந்தாலே கட்டிங் பையன்கள் பேக்கிங் பக்கம் வந்து நல்ல நெஞ்சு தேட ஆரம்பித்தார்கள். அவர்கள் ஐடி கார்டை வாங்கிக்கொண்டு நாங்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். தொப்பியும் மாஸ்க்கும் போட்டவன் முகத்தை எவன் பார்க்கிறான்? பதிலுக்கு ஒரு பிரியாணி. கம்பெனியை ஏமாற்றிவிட்டோம் என்று சிரித்துக்கொண்டே சாப்பிடுவோம். இசக்கிக்காக நான் இரண்டு வருடம் நின்றேன்.

கல்யாணமாகி தங்கமாரியைக் கூட்டிவந்ததும் வடக்குப்பட்டில் என் பக்கத்து ரூமிலேயே குடித்தனம் வைத்தான். குன்றத்தூர் முருகனைப் பார்க்க மூன்று பேரும் போனோம். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான். புது மாப்பிள்ளைக்கு அதற்குள் மூச்சு வாங்குகிறதா என்று நான் கிண்டல் செய்தேன். அந்த வாயை இப்போது நினைத்தால் எனக்கே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அதன் பிறகு இருமல் நிற்கவில்லை. டிபி என்று ஆறு மாதம் மாத்திரை தின்றான். வீட்டுக்காரர் எல்லப்பன் வாசலில் நின்று, "இன்னாப்பா, ராவெல்லாம் இருமிக்கினே கீற. வூட்ல கொயந்தைங்க கீது" என்றார். வேலையை விட்டான். கடைசியில் சென்னை பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்தான் இது டிபி இல்லை, கல் தூசி, நுரையீரல் இறுகிவிட்டது, திரும்ப வராது என்றார். வேலையால் வந்த நோய் என்று எழுதி வாங்கினால், அவனுக்குப் பிறகு தங்கமாரிக்கு பென்ஷனாவது வரும் என்றும் சொன்னார். அந்த ஒரு தாளுக்காகத்தான் தொழிலாளர் ஆபீஸில் மனு போட்டோம்.

விசாரணைக்கு நான் லீவு போட்டு அவனைக் கூட்டிப்போனேன். ஒரு மாடி ஏற அரை மணி நேரம். கம்பெனி ஆள் சாவகாசமாக இரண்டு படங்களை எடுத்து மேசையில் வைத்தார். எங்களிடம் இருந்தவரை இவர் நெஞ்சு சுத்தம், வேலையை விட்டபிறகு எங்கே போய் என்ன செய்தாரோ என்றார். அதிகாரி படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது உன் படம்தானா என்று இசக்கியைக் கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"ஆமா சார். என்னோடதுதான்."

வெளியே வந்ததும், ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். கேட்க வெட்கமாக இல்லையா என்று யாராவது என்னைக் கேட்டிருக்கலாம்.

"ஒனக்கு பெர்மனென்ட் ஆர்டர் வரப்போவுதுல்லா. ஒருத்தனாவது நெஞ்சோட ஊருக்குப் போவட்டும்ல."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை. அடுத்த ஆனியில் ஊரில் வைத்துச் செத்தான். ஆர்டர் இன்னும் வரவில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் தங்கமாரி என் ரூமுக்கு வந்தாள். கேஸ் இப்போது அவள் பேரில் நடக்கிறது. கம்பெனி கொடுத்த படத்தின் நகலைக் கையில் வைத்திருந்தாள். இவ்வளவு நன்றாக இருந்த நெஞ்சு ஒரே வருடத்தில் எப்படி அப்படிப் போனது, அவர் தன்னிடம் எதையாவது மறைத்தாரா, குடி கிடி ஏதும் உண்டா என்று கேட்டாள். செத்தவன் மேல் அந்தச் சந்தேகமும் வேண்டுமா? என்னால் தாங்க முடியவில்லை. வேன், ஐடி கார்டு, பிரியாணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. படத்தைக் கவருக்குள் போட்டாள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆபீஸுக்கு வரச் சொல்லிருக்காவ. வந்து இதைச் சொல்லுவியளாண்ணே?"

நாளைக்கு எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றேன்.