ஹாலில் ஒரு காற்று மெத்தை

என் கணவரின் அக்கா எங்களோடு தங்க வந்தபோது அவளுக்குக் கட்டில் வாங்கக் கூடாது என்று சொன்னது நான்தான். கட்டில் என்று ஒன்று வீட்டுக்குள் வந்து நாலு காலை ஊன்றிவிட்டால், அதில் படுக்கிறவரும் ஊன்றிவிடுவார். பாய் போடலாம் என்றால் அவளுக்கு முழங்கால் வலி, சொந்தக்காரர்களின் வாயையும் மூட வேண்டும். எனவே தி. நகர் போய் ஒரு காற்று மெத்தை வாங்கி வந்தேன்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தாள். அந்த வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டப் போகிறார்கள் என்றதும், வேறு இடம் பார்க்கும்வரை இரண்டு வாரம் என்று ராஜா அண்ணாமலைபுரத்துக்கு எங்களிடம் வந்தாள். எங்களுக்கு இரண்டு படுக்கையறை. ஒன்று எங்களுக்கு, இன்னொன்று பரீட்சைக்குப் படிக்கிற மகளுக்கு. மிச்சம் இருப்பது ஹால்.

அந்த மெத்தையைக் குறை சொல்ல முடியாது. மோட்டாரைச் செருகினால் இரண்டே நிமிடத்தில் உப்பிக்கொண்டு எழும். வேண்டாதபோது மடித்துப் பையில் போட்டுப் பரணில் ஏற்றிவிடலாம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் விரலால் அமுக்கிப் பார்த்து, ஹோட்டல் மாதிரி இருக்கிறதே என்றார்கள். அதில் படுத்தவளை ஒருவரும் கேட்கவில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் முதுகோடு ஒட்டும். விரிப்பு வழுக்கிக்கொண்டு கால்மாட்டுக்குப் போய்விடும். எல்லாவற்றையும்விட, அதிலிருந்து எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. பிடிக்க விளிம்பு கிடையாது, கையை ஊன்றினால் உள்ளே போகும். அவள் ஒருக்களித்து உருண்டு தரையில் மண்டியிட்டு, டீப்பாயைப் பிடித்துக்கொண்டு எழுவாள். நான் சமையலறையில் டிகாக்‌ஷன் இறங்குவதைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாளும் கை கொடுத்ததில்லை.

காலை ஏழு மணிக்கு ஹாலில் உட்கார்ந்துதான் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு லேப்டாப்பில் பாட்டு சொல்லிக்கொடுப்பேன். அதற்குள் காற்றை இறக்கிவிட வேண்டும் என்பது என் சட்டம். அவள் ஆறரைக்கே மூடியைத் திறந்துவிட்டு, மெத்தை மேல் முழங்கையால் அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றுவாள். "சத்தம் கேக்கறதா உனக்கு?" என்று வேறு கேட்பாள். அந்த அடக்கம்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது. சண்டை போட்டிருந்தால் ஒரே நாளில் அனுப்பியிருப்பேன்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இரண்டு மாதம் ஆயிற்று. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தால் இவர் நேராக அவளிடம்தான் போவார். சின்ன வயசுக் கதைகளைப் பேசி இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். என்னோடு அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்: "அக்கா இங்கேயே இருந்துடட்டுமே. நல்ல தேக்குக் கட்டிலா ஒண்ணு வாங்கி ஹால்ல போட்டுடலாம்."

மறுநாள் மத்தியானம் அவள் லைப்ரரிக்குப் போயிருந்தபோது பரணிலிருந்து மெத்தையை இறக்கி, தலைமாட்டு ஓரத்தில் தையல் ஊசியால் ஒரு குத்து குத்தினேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இதை எழுதக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

காலையில் அவள் தரையோடு தரையாகக் கிடந்தாள். "என்னமோ காத்து போயிடுத்து," என்றாள். "உங்க சேஃப்டி பின் குத்தியிருக்கும் அக்கா," என்றேன். மெத்தையோடு வந்த ஒட்டுத்துண்டை எடுத்துத் தானே ஒட்டினாள். அன்றிலிருந்து புடவைக்குப் பின் குத்துவதையே விட்டுவிட்டாள். பகலிலும் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்வாள். அடுத்த வாரம் அதன் பக்கத்திலேயே இன்னொரு குத்து. அதையும் ஒட்டினாள். அதற்கடுத்த வாரம் மூன்றாவது. ஒட்டுத்துண்டு தீர்ந்துபோனது.

மந்தைவெளிப் பக்கம் ஒரு பஞ்சர் கடை உண்டு. அவளால் தூக்க முடியாது என்பதால் பையை நான் சுமந்துகொண்டு கூடப் போனேன். கடைக்காரர் பிளாட்பாரத்தில் மெத்தையை விரித்துக் காற்றடித்து, சோப்பு நுரையைத் தடவினார். ஓட்டையில் நுரை குமிழ் விட்டது. அவர் பழைய ஒட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னாமா இது, ஊசி வெச்சு குத்துனா மாதிரி கீது? மூணும் ஒரே லைன்ல கீது பாரு. வூட்ல வாலுப் பசங்க கீதா?"

நான் காலிப் பையை மடிக்கத் தொடங்கினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பசங்க யாரும் இல்லப்பா. என் சேஃப்டி பின்தான் குத்திடுத்து," என்றாள்.

அவர் அவள் தோளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே பின் இல்லை. அவர் குனிந்து ஒட்ட ஆரம்பித்தார். திரும்பி வரும் வழியில் அவள் முருங்கைக்கீரை வாங்கினாள். வீட்டில் உட்கார்ந்து அதை ஆய்ந்தும் கொடுத்தாள்.

நாலாம் நாள், திருவான்மியூரில் வயதான பெண்கள் தங்கும் விடுதியில் இடம் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். இவர் எவ்வளவோ மன்றாடினார். "அங்க லிஃப்ட் இருக்குடா, முழங்காலுக்கு நல்லது," என்று முடித்துவிட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அன்றைக்குச் சேமியா பாயசம்கூட வைத்தேன்.

கிளம்பும் அன்று வாசலில் அவள் பெட்டியோடு மெத்தைப் பையும் இருந்தது. "அங்கதான் கட்டில் இருக்குமே அக்கா. இது இங்க இருக்கட்டும், யாராவது தங்க வந்தா வேணும்," என்றேன்.

"உன் ஆத்துக்கு இனிமே யார் வந்து தங்கப் போறா?" என்றாள். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "மூணு ஓட்டையையும் நன்னா ஒட்டியாச்சு. நான் போற இடத்துல காத்து நிக்கும்."

"என்ன ஓட்டை?" என்று இவர் கேட்டார். இவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஆட்டோ வந்துவிட்டது.

அதற்கப்புறம் அவள் அவரிடம் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்குப் பயம். பரீட்சை முடிந்து மகள் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். போன வருஷம் நானே போய், அவர் அன்று சொன்ன மாதிரியே தேக்கில் ஒரு கட்டில் வாங்கி வந்து ஹாலில் போட்டேன். அக்காவை அழைத்து வாருங்கள் என்றேன். "அவளுக்கு அங்க சௌகரியமா இருக்கு," என்றார்.

அந்தக் கட்டிலில் இன்றுவரை யாரும் படுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவான்மியூருக்குக் கிளம்பும்போது அவர் அதில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொள்கிறார். ராத்திரி சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.