கவர்னருக்கு ஒரு பெட்டிசம்

என் கணவருக்கு இரண்டாம் முறையும் கனடா விசா மறுத்துவிட்டார்கள். அவர் கொழும்பில் ஒரு லொட்ஜில் தனியாக இருந்தார். நான் ஸ்காபரோவில், மகனின் அப்பார்ட்மென்டில், பதினோராம் மாடியில். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் மாலை வரை நான் வாய் திறப்பதில்லை.

படிப்பு எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் என் தகப்பனார் எங்கள் தீவுக்கு வள்ளங்கள் கட்ட ஒரு துறை கேட்டு எழுதியது நினைவிருக்கிறது. மாவட்டத்தை ஆண்ட ஏசண்டுத்துரை மாட்டேன் என்றால் கவர்னருக்குப் பெட்டிசம், அதுதான் மனு. பிரதி ஒன்று லண்டன் பார்லிமெந்துக்கு. அங்கே ஒருவர் எழும்பிக் கேள்வி கேட்டால் கவர்னர் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்பார். துறையும் வந்தது.

கனடாவிலும் கவர்னர் ஜெனரல் இருக்கிறார் என்று தமிழ் ரேடியோவில் கேட்டேன். மூன்று நாள் யோசித்துத்தான் மகனிடம் சொன்னேன்.

"அம்மா, அவர் ரிப்பன் வெட்டுறவர். விசா குடுக்கிறவர் இல்லை."

"வெட்டட்டும். வாசிக்கத் தெரியும்தானே?"

சிரித்துக்கொண்டே நான் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினான். லண்டன் பிரதி என்றதும் பேனையை வைத்துவிட்டான்.

"லண்டன் இப்ப இஞ்ச ஆட்சி செய்யேல்லை அம்மா!"

"கவர்னரைக் கேள்வி கேக்க மேல ஒராள் வேணும் மோனை. நீ விலாசத்தை எழுது."

இரண்டையும் நானே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தேன். தனியாக அந்த வீதியைக் கடந்தது அன்றுதான். முத்திரை விற்ற பெண் ஏதோ கேட்டாள். விளங்கவில்லை, தலையாட்டினேன்.

பிறகு ஒவ்வொரு மத்தியானமும் கீழே இறங்கித் தபால்பெட்டியைத் திறப்பேன். லிஃப்டில் யாராவது நின்றால் அடுத்ததற்குக் காத்திருப்பேன். பீட்சாக் கடை விளம்பரங்கள்தான் கிடக்கும்.

பனி விழத் தொடங்கியபின் சின்னம் பொறித்த தடித்த உறை ஒன்று வந்தது. மகன் வரும்வரை பிரிக்காமல் மடியில் வைத்திருந்தேன். வாசித்துவிட்டு அவன் சப்பாத்தைக் கழற்றினான். பிறகுதான் சொன்னான்.

"கிடைச்சதாம். விசா குடுக்கிற இலாகாவுக்கு அனுப்பியிருக்காம். தலையிட அவருக்கு அதிகாரம் இல்லையாம், அம்மா."

லண்டனிலிருந்து ஒன்றும் வரவில்லை.

ஞாயிறு காலை அவர் கொழும்பிலிருந்து போன் எடுத்தார்.

"இஞ்சேர், கவர்னர் மறுமொழி போட்டவரே?"

"ஓம், போட்டிருக்கிறார்."

"என்னவாம்?"

மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாசிச்சவராம்" என்றேன்.

"அது காணும், அது போதும். அப்ப குளிருக்கு உடுப்பு இப்பவே வாங்கட்டே?"

"அங்க வாங்காதேங்கோ. இஞ்ச நான் வாங்கி வைக்கிறன்."